காய்ந்த எருவும் மக்கிய எருவும்

சோமனூர்ப் பக்கம் வீட்டு வாசலில் ஒரு மேட்டுப்பாத்தி போட்டு, நாலு கத்தரி, நாலு தக்காளி, ஓரமாகக் கொஞ்சம் கீரை என்று வைக்க நினைப்பவருக்கு எரு கிடைக்கவில்லை என்ற குறை வராது. பல்லடம் பக்கம் போனால் கறிக்கோழிப் பண்ணைகள். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மஞ்சி மில்கள். ஊருக்குள்ளேயே கட்டுத்தரையில் இரண்டு மாடு வைத்திருப்பவர்கள், பட்டியில் பத்து ஆடு அடைப்பவர்கள். நூற்பாலைகளில் பஞ்சுத் தூசி. உரக்கடையில் மண்புழு உரமும் வேப்பம் புண்ணாக்கும். இவ்வளவு இருப்பதால்தான் எதை எடுப்பது, எவ்வளவு போடுவது என்று குழப்பம். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவோம்.

முதலில் பாத்தியின் அளவு. ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி எட்டடி நீளம், நாலடி அகலம், ஓரடி உயரத்துக்கு ஒரு பாத்தி கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அகலம் நாலடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் நின்று நடுவரைக்கும் கை எட்ட வேண்டும். உள்ளே கால் வைத்து மிதித்தால் மண் இறுகிவிடும். இதன் கொள்ளளவு 32 கன அடி. காலிச் சிமெண்ட் சாக்கு ஒன்றில் ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி பிடிக்கும். அப்படியானால் பாத்தி நிறைய இருபத்தாறு சாக்கு வேண்டும். இந்தக் கணக்கு கடைசியில் நமக்குத் தேவைப்படும்.

எரு என்றதும் செடிக்குச் சாப்பாடு என்றுதான் நினைக்கிறோம். அது பாதி உண்மை. நூறு கிலோ மாட்டு எருவில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அரைக் கிலோ அளவில்தான் இருக்கும். யூரியாவிலோ நூற்றுக்கு 46 பங்கு. ஒரு கிலோ யூரியா கொடுக்கும் தழைச்சத்தை மாட்டு எருவில் கொடுக்கத் தொண்ணூறு கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும். சாப்பாட்டுக் கணக்கு ஒன்றை மட்டும் பார்த்தால் எருவைத் தூக்கி வருவதில் அர்த்தமே இல்லை. ஆனால் யூரியா செய்யாத வேலையை எரு செய்கிறது. களிமண்ணைப் பொலபொலப்பாக்குகிறது; மணல்பாங்கான செம்மண்ணில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது; வேர் மூச்சுவிட இடம் கொடுக்கிறது; சத்தைத் தண்ணீரோடு கீழே இறங்கிப் போகவிடாமல் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. இத்தனையும் மக்கி முடிந்த எருவால் மட்டுமே முடியும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். எரு விற்பவரைக் கேட்டுப் பாருங்கள். “போன வருசத்துக் குப்பைங்க, நல்லாக் காஞ்சிருக்குதுங்க, அப்படியே போடலாமுங்க” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கையில் எடுத்தால் லேசாக, நாற்றமில்லாமல், உதிர்கிற மாதிரித்தான் இருக்கும். நாமும் திருப்தியோடு வாங்கி வந்துவிடுவோம். ஆனால் காய்ந்தது வேறு, மக்கியது வேறு. காய்வது என்றால் தண்ணீர் வெளியேறுவது, அவ்வளவுதான். மக்குவது என்றால் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அந்தச் சாணியையும் வைக்கோலையும் தின்று வேறொரு பொருளாக மாற்றுவது. தண்ணீர் இல்லாமல் அந்த உயிர்களால் எதையும் தின்ன முடியாது. வெயில் முதலில் தண்ணீரை எடுத்துவிட்டால் மக்குவது பாதியில் நின்றுபோகிறது.

சமையலறையில் இதை நாம் தினமும் பார்க்கிறோம். அரிசியும் உளுந்தும் டப்பாவில் ஆறு மாதம் இருந்தாலும் புளிப்பதில்லை. ஊறவைத்து ஆட்டித் தண்ணீரோடு வைத்தால் ஒரே ராத்திரியில் பொங்கிவிடுகிறது. காய்ந்த எரு அந்த டப்பா அரிசி மாதிரி. ஒரு வருசம் கிடந்தது என்பதால் அது தயாராகிவிடவில்லை. எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்திலேயே நிற்கிறது. தண்ணீர் பட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

நம் ஊரில் இந்தச் சிக்கல் மற்ற இடங்களைவிட அதிகம். கோவை மாவட்டச் சமவெளிக்குக் கிடைக்கும் மழை வருசத்துக்கு எழுநூறு மில்லிமீட்டர் அளவில்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும். மற்ற மாதங்களில் வெயில். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஒரு குப்பைமேட்டை உலர்த்தும் வேகத்தை இங்கே வசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேரளத்தில் ஒரு சாணிக் குவியலைச் சும்மா விட்டால் மழையில் தானாகவே மக்கிவிடும். அதே குவியல் இங்கே சும்மா கிடந்தால் மேலே ஓடு கட்டி, உள்ளே வைக்கோல் வைக்கோலாகவே கிடக்கும். வெயிலில் கிடக்கும்போது அதிலுள்ள நைட்ரஜனில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் போய்விடுவதால் நஷ்டம் இரண்டு மடங்கு: சத்தும் குறைந்தது, மக்கவும் இல்லை.

“எங்க அப்பாரு காலத்துல இருந்து காஞ்ச குப்பையத்தானுங்க காட்டுல அடிக்கிறோம், ஒன்னும் ஆகலையே” என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி, இதற்குப் பதில் தெரிந்தால் மேட்டுப்பாத்தியின் சூட்சுமமே புரிந்துவிடும். ஒரு ஏக்கர் நிலத்தில் மேல் அரையடி மண் மட்டுமே ஏறக்குறைய தொள்ளாயிரம் டன் எடை இருக்கும். அதில் பத்து டன் குப்பை அடிக்கிறார்கள். நூறு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு எரு. மக்காத எருவாக இருந்தாலும் அவ்வளவு மண்ணில் அது கரைந்துபோகும். அதோடு கோடையில் அடித்து, உழுது, மழை பெய்த பிறகு விதைப்பதற்குள் மண்ணிலேயே மக்க அவகாசமும் கிடைக்கிறது. நம் பாத்தியில் நாலில் ஒரு பங்கு, சிலர் பாதிக்குப் பாதி, எருவைக் கொட்டுகிறோம். கொட்டிய மறுநாளே நாற்று நடுகிறோம். காட்டில் சரியாக இருந்த பழக்கம் பாத்தியில் தவறாகப் போவதற்கு இந்த அளவும் அவசரமும்தான் காரணம்.

மக்காத எருவைப் பாத்தியில் போட்டுத் தண்ணீர் விட்டால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நுண்ணுயிருக்கு வேண்டியவற்றில் முக்கியமானவை இரண்டு: கார்பன், நைட்ரஜன். உலர்ந்த தழை, வைக்கோல், நார் எல்லாம் பெரும்பாலும் கார்பன். பச்சைத் தழை, சாணி, மூத்திரம், கோழி எச்சம் ஆகியவற்றில் நைட்ரஜன் அதிகம். நுண்ணுயிரின் உடம்பில் எட்டுப் பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் இருக்கிறது. உடம்புக்கு எட்டு வேண்டுமென்றால், அது மூச்சாக எரித்து வெளியே விடுவதற்கு இன்னும் பதினாறு வேண்டும். ஆக, 24 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் உள்ள இரை அதற்குச் சரியான இரை. மக்கு உரம் பற்றிப் பேசுபவர்கள் கார்பன்-நைட்ரஜன் விகிதம் என்று சொல்வது இதைத்தான்.

இரையில் கார்பன் அதற்கு மேல் போனால், போதாத நைட்ரஜனை நுண்ணுயிர் எங்கிருந்து எடுக்கும்? சுற்றியுள்ள மண்ணிலிருந்து. அங்கே ஏற்கெனவே நம் தக்காளி நாற்றும் அதே நைட்ரஜனுக்காக நிற்கிறது. இந்தப் போட்டியில் செடி எப்போதும் தோற்கும். நுண்ணுயிர்கள் எண்ணிக்கையிலும் அதிகம், வேகத்திலும் அதிகம். நாற்று மூன்று வாரமாக நட்ட உயரத்திலேயே நிற்கும். அடி இலைகள் வெளுத்து மஞ்சளாகும். எரு போதவில்லை என்று நினைத்து நாம் இன்னும் இரண்டு சட்டி அதே எருவைக் கொட்டுவோம். நோயைக் கூட்டுகிற மருந்து அது. தவறு நம் அக்கறையில் இல்லை, எந்த எரு என்பதில்தான்.

மஞ்சள் என்றவுடன் எல்லாம் தழைச்சத்துக் குறை என்று முடிவு கட்டவும் வேண்டாம். அடி இலை முதலில் மஞ்சளானால் நைட்ரஜன். நுனியில் வரும் இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்புச்சத்து. கொங்குப் பகுதியில் சுண்ணாம்பு கலந்த மண் நிறைய இருப்பதால் மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாமல் போகும். இந்தக் காரணத்தாலேயே விறகுச் சாம்பலை அள்ளி அள்ளிப் பாத்தியில் போடும் பழக்கத்தை இங்கே கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். சாம்பலும் சுண்ணாம்புக் குணம் உள்ளதுதான்.

இனி, கிடைக்கிற பொருள்களைப் பார்ப்போம். நம் பக்கம் அதிகம் ஏமாற்றுவது தென்னை நார்த்தூள். கடையில் காயர் பித், கோக்கோ பித் என்று கட்டியாகக் கிடைப்பது. 2013-14இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் கொடுத்த மாடித்தோட்டத் தளைகளிலும் இது இருந்தது. பார்க்க மக்கிய மண் போலவே இருக்கும். கறுப்பு கலந்த பழுப்பு நிறம், மென்மை, நல்ல ஈரப்பிடிப்பு. ஆனால் பச்சையான நார்த்தூளில் கார்பன் நூற்றுக்கு மேல் இருக்கிறது, நைட்ரஜன் ஒன்றே ஒன்று. 24 எங்கே, 112 எங்கே! அதிலுள்ள லிக்னின் என்ற கட்டைப்பொருளைச் சாதாரண நுண்ணுயிர்களால் எளிதில் உடைக்கவும் முடியாது. அதனால்தான் மஞ்சி மில் ஓரங்களில் அது வருசக்கணக்கில் மலை மலையாகக் கிடக்கிறது.

இதற்கு வழி கண்டுபிடித்ததும் நம் கோவையில்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக் காளான் பூஞ்சையை இந்த வேலைக்குப் பயன்படுத்தியது. மரத்தையே தின்னக்கூடிய பூஞ்சை அது. ஒரு டன் நார்த்தூளை அடுக்கடுக்காகப் பரப்பி, ஓர் அடுக்குக்குக் காளான் வித்து, அடுத்த அடுக்குக்கு யூரியா என்று மாற்றி மாற்றித் தூவி, நனைத்து வைப்பார்கள். டன்னுக்கு ஐந்து கிலோ யூரியாவும் ஐந்து புட்டி வித்தும் போதும். 112இல் இருந்த விகிதம் 24 அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது பச்சையா, மக்க வைத்ததா? மக்க வைத்தது என்றால் பாத்தியில் எட்டில் ஒரு பங்கு தாராளமாகச் சேர்க்கலாம். பச்சை என்றால் மண்ணுக்கு மேலே மூடாக்காகப் போடுங்கள், உள்ளே கலக்காதீர்கள். மேலே கிடந்தால் ஈரத்தைக் காக்கும். வேரோடு போட்டிக்கு வராது.

கோழி எரு இதற்கு நேர் எதிர்ப்பக்கம். நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கு நைட்ரஜன். மாட்டு எருவைப்போல ஆறு மடங்கு. கோழிக்குத் தனியாக மூத்திரம் கிடையாது, எல்லாம் எச்சத்திலேயே வந்துவிடுகிறது. ஈரம் பட்டதும் அது அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும், வேரைக் கருக்கும். எனவே பச்சைக் கோழி எருவைச் செடிக்கு அருகில் கொண்டுபோகவே வேண்டாம். ஆனால் பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிக் கொட்டகைகளில் தரையில் பரப்புவது பெரும்பாலும் நார்த்தூள்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். கார்பன் மிகுந்த நார்த்தூளும் நைட்ரஜன் மிகுந்த எச்சமும் அங்கே ஏற்கெனவே கலந்து கிடக்கின்றன. வாங்கிவந்து நனைத்துக் குவித்து இரண்டு மூன்று மாதம் புரட்டிவிட்டால் முதல்தரமான உரம். ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டுகிறது. என்னைக் கேட்டால், பொறுமை உள்ளவருக்கு நம் வட்டாரத்தில் கிடைக்கும் மலிவான நல்ல சரக்கு இதுதான்.

ஒரு எச்சரிக்கை. கோழி எருவில் உப்பு அதிகம். நம் ஊரில் பல வீடுகளில் பாத்திக்குப் பாயப்போவது ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர். சட்டியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தத் தண்ணீர். அந்த உப்பும் எருவின் உப்பும் சேர்ந்தால் இலை ஓரம் கருகும். உப்புத் தண்ணீர் பாய்ச்சுபவர் கோழி எருவை மொத்த எருவில் நாலில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் பாத்தியை ஓலையோ ஷீட்டோ போட்டு மூடாமல் நன்றாக நனையவிடுங்கள். சேர்ந்த உப்பைக் கழுவி இறக்க மழைநீரைவிட நல்ல மருந்து இல்லை.

ஆட்டு எருவைக் கொங்கு நாட்டு விவசாயி மாட்டு எருவைவிட ஒரு படி மேலே வைத்துப் பேசுவார். காரணம் இருக்கிறது, சத்து உண்மையிலேயே அதிகம். ஆனால் காட்டில் பட்டி போடும்போது புழுக்கையோடு மூத்திரமும் மண்ணில் இறங்குகிறது, குளம்பு மிதித்துக் கலந்தும் விடுகிறது. நமக்கு மூட்டையில் வருவது காய்ந்த புழுக்கை மட்டும். மேல்தோல் இறுகி, ஒரு வருசம் கழித்துப் பார்த்தாலும் உருண்டையாகவே கிடக்கும். உடைத்தால் உள்ளே அரைத்த தழை அப்படியே தெரியும். அதைத் தட்டி நொறுக்கி, ஒரு ராத்திரி ஊறவைத்து, பிறகு குவியலில் சேர்க்க வேண்டும். இன்னொன்று விதை. ஆடு தின்ற சீமைக்கருவேலங்காயின் விதை வயிற்றில் செரிக்காமல், முளைப்பதற்குத் தயாராகவே வெளியே வருகிறது. காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காடுகளில் வெள்வேல மரம் பரவுவதற்கு ஆடுகள் செய்யும் உதவியும் இதுவே. மேய்ச்சல் காட்டில் அது வரம். தக்காளிப் பாத்தியில் தொல்லை. குவியல் நன்றாகச் சூடேறி மக்கினால் இந்த விதைகளில் பெரும்பாலானவை செத்துவிடும்.

நூற்பாலைப் பஞ்சுத் தூசியைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பருத்தி என்பதால் மக்கும், விதைத் துணுக்குகளும் இருப்பதால் சத்தும் உண்டு. தனியாகக் கொட்டினால் பாய் போலப் படிந்து தண்ணீரை உள்ளே விடாது. சாணியோடு கலந்து குவியலில் போடலாம். பாலியஸ்டர் கலந்த கழிவும் சாயம் ஏறிய நூலும் வேண்டவே வேண்டாம். பாலியஸ்டர் எத்தனை வருசமானாலும் மக்காது.

மண்புழு உரம் நல்லது. அதனாலேயே அதைக் கொண்டு பாத்தியையே நிரப்ப வேண்டும் என்பதில்லை. விலையும் தாங்காது, பாத்தியும் நிற்காது. மக்கிய பொருள் காலப்போக்கில் மேலும் கரைந்து குறைவதால் ஒரே வருசத்தில் பாத்தி அரையடி இறங்கிவிடும். நாற்று நடும் குழியில் இரண்டு கைப்பிடி, பூ வைக்கும் நேரத்தில் தூரைச் சுற்றி ஒரு கைப்பிடி. அங்கேதான் அதன் அருமை தெரியும். வேப்பம் புண்ணாக்கை எருவாக எண்ணாமல் துணையாக எண்ணுங்கள். இந்தப் பாத்திக்குக் கால் கிலோ, நடுவதற்கு ஒரு வாரம் முன்பே மண்ணில் கலந்தால் போதும். பை உரம் வாங்கும்போது அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கழிவு மக்கு உரத்தில் கார்பன்-நைட்ரஜன் விகிதம் 20க்கு மேல் போகக் கூடாது. எந்த விவரமும் அச்சிடாத பையை வாங்காமல் விடுவதே மேல்.

சரி, காய்ந்த மாட்டு எரு ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது, என்ன செய்வது? ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நின்ற வேலையைத் தொடங்கிவைத்தால் போதும். ஆங்கிலேய வேளாண் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் வேலை செய்தபோது வகுத்த முறை உலகெங்கும் இந்தூர் முறை என்றே பெயர் பெற்றது. செடிகொடிக் கழிவையும் சாணியையும் அடுக்கி, நனைத்து, மூன்று முறை புரட்டி, மூன்று மாதத்தில் முடிப்பது அதன் சாரம். நமக்கு மூன்றடி நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு குவியல் போதும். அதைவிடச் சின்னதானால் சூடு உள்ளே தங்காது. கட்டிகளை உடைத்து, காய்ந்த எரு ஓர் அடுக்கு, பச்சைத் தழையோ காய்கறிக் கழிவோ ஓர் அடுக்கு என்று போட்டு ஒவ்வோர் அடுக்கையும் நனையுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம், ஒன்றுமே வராவிட்டால் குறைவு. மேலே தென்னை ஓலையோ ஈரச் சாக்கோ போட்டு மூடுங்கள். நம் காற்றுக்கு இந்த மூடி இல்லாமல் எதுவும் நடக்காது.

நாலைந்து நாளில் ஒரு கம்பியை நடுவில் செருகிக் கொஞ்ச நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். பிடிக்க முடியாத சூடு இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. ஐம்பத்தைந்து, அறுபது டிகிரி வரை போகும். களை விதையும் நோய்க் கிருமியும் அதில்தான் சாகும். சூடு குறைந்ததும் வெளியே இருப்பது உள்ளே போகும்படி புரட்டி, காய்ந்திருந்தால் மறுபடி நனையுங்கள். புரட்டும்போது தடித்த வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தால் மண்புழுவோடு சேர்த்து எண்ணிச் சந்தோஷப்பட வேண்டாம். எருக்குழியில் முட்டையிடும் காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். வளர்ந்து பறந்தால் குறி வைப்பது தென்னங்குருத்தை. பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள்.

புரட்ட ஆள் இல்லை, முதுகு ஒத்துழைக்காது என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. சி. என். ஆச்சார்யா 1939இல் பெங்களூரில் உருவாக்கிய முறை. குழியில் அடுக்கி நனைத்து, மேலே சேறு பூசி மூடிவிட வேண்டும். ஈரம் வெளியேறாது, புரட்ட வேண்டாம். அவர் நகரக் கழிவுக்காக வகுத்தது என்றாலும் வறண்ட காற்றடிக்கும் நம் ஊருக்கு நன்றாகவே பொருந்தும். ஆறிலிருந்து ஒன்பது மாதம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அளவு சூடு ஏறாது என்பதால் களை விதை கொஞ்சம் தப்பிப் பிழைக்கும்.

மக்கி முடிந்ததா என்று எப்படித் தெரியும்? கண்ணை நம்பாதீர்கள், நிறம் ஏமாற்றும். ஒரு பிடி எருவை நனைத்துப் பிழிந்து, பாலிதீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி மூன்று நாள் நிழலில் வையுங்கள். அவிழ்த்து முகர்ந்தால் முதல் மழையின் மண்வாசம் வர வேண்டும். அம்மோனியா நெடியோ புளித்த நாற்றமோ வந்தால் வேலை முடியவில்லை. சந்தேகம் தீராவிட்டால் இரண்டு தொட்டி எடுங்கள். ஒன்றில் தோட்டத்து மண் மட்டும், மற்றொன்றில் பாதி மண், பாதி எரு. இரண்டிலும் இருபது முள்ளங்கி விதை போடுங்கள். ஒரு வாரத்தில் எருத் தொட்டியில் முளைத்தது கணிசமாகக் குறைந்தாலோ, முளைத்த நாற்று சோர்ந்து நின்றாலோ, இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். விற்பவர் சொல்வதைவிட முள்ளங்கி சொல்வது சரியாக இருக்கும்.

இப்போது இருபத்தாறு சாக்குக் கணக்குக்கு வருவோம். பதின்மூன்று சாக்கு மண். செம்மண்ணாக இருந்தால் நல்லது, கரிசலானாலும் பரவாயில்லை. ஏழு சாக்கு மக்கிய எரு. மூன்று சாக்கு மக்க வைத்த நார்த்தூள். மூன்று சாக்கு பருமணல். மண் ஏற்கெனவே மணல்பாங்கானால் இதற்குப் பதிலாகவும் மண்ணையே போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றையும் தரையில் கொட்டிக் கலந்துவிட்டுப் பாத்தியில் நிரப்பி, இரண்டு முறை நன்றாகத் தண்ணீர் விட்டு, பத்து நாள் அப்படியே விடுங்கள். மண் படியும்; பிறகு நடலாம்.

அடுத்தடுத்த போகத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதில்தான் பலர் கை தாராளமாகிவிடுகிறது. காய்கறிப் பயிர்களுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பொதுவாகச் சொல்வது ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம், அதாவது ஏக்கருக்குப் பத்து டன். ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. நம் பாத்தி 32 சதுர அடி. வகுத்துப் பார்த்தால் ஏழரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சாந்துச் சட்டி நிறைய. நெருக்கமாக நட்டு அடுத்தடுத்துப் பறிப்பதால் இரண்டு சட்டியாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போடப் போட மணிச்சத்தும் உப்பும்தான் மண்ணில் சேரும், காய் கூடாது.

ஆடிப்பட்டத்தில் விதைக்க நினைப்பவர்கள் குவியலைச் சித்திரையிலேயே போட்டு நனைத்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து ஆடி பிறக்கும்போது எரு கைக்கு வந்துவிடும். இந்த வருசம் அந்தத் தேதி தாண்டிவிட்டால், மக்காததை அவசரமாகப் போட வேண்டாம். மக்கிய எரு மூன்று சாக்கு மட்டுமே கிடைத்தாலும் அதை வைத்துப் பாதிப் பாத்தியை நிரப்பிக் கீரை விதையுங்கள், மிச்சத்தைக் கார்த்திகைக்குள் தயாராக்கிக்கொள்ளலாம்.